குஞ்சுகள் கேட்ட பேய்ப்படம்

பேய்ப்படத்தில் பேசுகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு "வரப்போவுது பாரு, வரப்போவுது பாரு" என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, வந்ததும் "சொன்னன்ல?" என்று பக்கத்து ஆளின் தொடையில் தட்டுகிற ஜென்மங்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு டிக்கெட்டே கொடுக்கக் கூடாது. சேலத்தில் ஒரு தியேட்டரில் அப்படி ஒருவரோடு சண்டைக்கே போயிருக்கிறேன். "படம் பாக்க வந்தீங்களா, ஜோசியம் சொல்ல வந்தீங்களா?" என்று கேட்டேன். அவரும் எழுந்துவிட்டார். என் மனைவிதான் தூக்கக் கலக்கத்தோடு என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் சேலத்தில் குடியிருந்தோம். நான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். அவள் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தாள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்துக்கொண்டது. வாரத்தில் ஒருநாள் லீவு. அந்த ஒருநாளில் நான் அவளைப் பேய்ப்படத்துக்குக் கூட்டிப் போவேன். தியேட்டரே அலறும், அவள் முன் சீட்டுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு தூங்குவாள். "படம் எப்படி இருந்துச்சு அம்மிணி?" என்று கேட்டால், "சீட்டு நல்லா இருந்துச்சுங்க" என்பாள்.

பயமுறுத்துகிற கட்டத்தில் நான் ஒரு நொடியும் கண்ணை எடுத்ததில்லை. இருபது வருடப் பழக்கம். எந்தப் படமாக இருந்தாலும் எனக்கு வழி தெரியும். ஒரு குடும்பம் ஊருக்கு வெளியே பெரிய பங்களாவுக்குக் குடிவரும். முதலில் நாய்க்குத் தெரியும், அதனால் முதலில் நாய் சாகும். காற்றில்லாமல் ஊஞ்சல் ஆடும். குழந்தை மூலையைப் பார்த்து யாரிடமோ பேசும். பாத்ரூம் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூடினால் பின்னால் ஒரு முகம் நிற்கும். யாராவது ஒரு மடையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "யாரு? யாருங்க அது?" என்று கேட்டபடி தனியாகப் பார்க்கப் போவான். போகாதடா என்று தியேட்டரே கத்தும், போவான். பிறகு மந்திரவாதி வருவார். வேப்பிலையால் அடித்து, "போறியா, இல்லையா?" என்று மிரட்டுவார். பேய், "போறேன், போறேன்" என்று கதறும். போகாது. ஏனென்றால் ஃபிளாஷ்பேக் பாக்கி இருக்கும். நம்மூர்ப் பேய் எதுவும் சும்மா வருவதில்லை. யாரோ அநியாயம் செய்து, பிணத்தைக் கொல்லைப்புறத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, மண்வெட்டியோடு நின்றிருப்பான். அந்த உண்மை வெளியே வந்தால்தான் பேய் போகும். ஃபிளாஷ்பேக் ஆரம்பித்ததும் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். அழுகிற பேய் எனக்கு எதற்கு?

எனக்கு வேண்டியது சத்தத்துக்கு முன்னால் வரும் அமைதி. அதில்தான் டைரக்டரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அதுவரை லேசாக ஏதோ ஒரு இசை ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அதைச் சத்தமில்லாமல் உருவிவிடுவார். எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தொண்டை வறளும், கை ரோமம் எழும்பும். வெறும் காலடி மட்டும் கேட்கும். அப்புறம்தான் அலறல். முகத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சத்தத்தை மூடிவிட்டுப் பார்த்தால் அந்த முகம் மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கும். அலறல் முடிந்து இரண்டு நொடியில் தியேட்டர் மொத்தமும் சிரிக்கும். சீட்டு அங்கேயே இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது, பாப்கார்ன் மட்டும்தான் கொட்டியிருக்கிறது என்று தெரிந்து வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் ஜனங்கள் டிக்கெட் எடுக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்துக்கு முன் சேலத்தை விட்டு மோகனூர்ப் பக்கம் வந்தோம். டாக்டர் அவள் காலைப் பார்த்துவிட்டு இனி நிற்கும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவளுடைய அப்பாவின் நிலத்தில் ஒரு பழைய ஷெட் சும்மா கிடந்தது. நாமக்கல்லில் பயிற்சிக்குப் போனாள், நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டு வந்தாள். நாட்டுக்கோழிக் குஞ்சு ஆயிரம் வாங்கி விட்டாள். "இந்த ஒரு பேட்ச் சாகாம நின்னுருச்சுன்னா இதையே பாத்துக்கலாமுங்க. இல்லாட்டி கடைக்கே போயர்றேன். அண்ணன் எப்ப வேணா வரச் சொல்லியிருக்காரு" என்றாள். அண்ணன் என்றது துணிக்கடைக்காரரை. மறுபடியும் அந்தக் கால்கள் அங்கே போய் நிற்பதா, வேண்டாமா என்பது அந்த ஆயிரம் குஞ்சுகள் கையில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

குஞ்சு வளர்ப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். குஞ்சுக்கு எமன் பருந்தும் இல்லை, பாம்பும் இல்லை, அதன் பயம்தான். திடீரென்று வெருண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். குளிர் அடித்தாலும் அப்படியே குவியும், அதனால்தான் சூட்டுக்குப் பல்பு மாட்டுவது. பயத்துக்கு என்ன மருந்து என்றால், பாட்டு. ஷெட்டுக்குள் காலையிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மனிதக் குரல் பழகிவிட்டால், வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் தட்டு விழுந்தாலும் குஞ்சு கண்டுகொள்ளாது. விட்டத்தில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, அவள் போனிலிருந்து பழைய பாட்டாகப் போட்டுவிடுவாள். உள்ளே போகும்போதும் பேசிக்கொண்டேதான் போவாள். "வாரேன் சாமி, வாரேன், அவசரப்படாதீங்க" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள். பெற்ற பிள்ளையைக் கூட யாரும் அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்கள்.

குஞ்சு விட்டு இருபதாவது நாளோ என்னவோ, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அவளுடைய சொந்தக்காரர் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. போகாமல் இருக்க முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நாமக்கல்லில் நான் சேர்ந்திருந்த பட்டறைக்கு லீவு. காலையில் கிளம்பும்போது என் போனை வாங்கி அந்த ஸ்பீக்கரோடு இணைத்து, பாட்டைப் போட்டு, என் கையில் கொடுத்தாள். "ஏனுங்க, பாட்டு மட்டும் நிக்கக் கூடாதுங்க. தண்ணி பாத்துக்குங்க. அஞ்சு மணிக்குள்ள வந்தர்றேன்" என்றாள். ஆவணி பிறந்தும் ஆடிக்காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் குஞ்சு வளர்ந்துவிட்டது, சூடு குறைக்க வேண்டும் என்று போகிற போக்கில் இரண்டு பல்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஷெட்டை ஒட்டிய தீவன அறையில் மூட்டைமேல் சாய்ந்தேன். முந்தின நாள் போனில் பாதி பார்த்த பேய்ப்படம் ஒன்று மனதை அரித்துக்கொண்டிருந்தது. சரியான இடத்தில் நிறுத்தியிருந்தேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், நீளமான வராண்டா, கடைசியில் ஒரு கதவு, ஒரு பெண் வெறுங்காலோடு அதை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறாள். ஹெட்போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். யார் இருக்கிறார்கள் இங்கே, சத்தமாகவே பார்க்கலாம் என்று போட்டேன்.

படிக்கிற உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். பின் வரிசை ஆள் மாதிரி "வரப்போவுது பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் புரியவில்லை. இருபது வருடம் பார்த்தவனுக்குப் புரியவில்லை.

படம் ஓடியது, சத்தம் வரவில்லை. அமைதிக் கட்டம் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். காலடி கூட இல்லாமல் எடுத்திருக்கிறானே, என்ன தைரியம் என்று அந்த டைரக்டரை மனதுக்குள் மெச்சினேன். இருந்தாலும் கொஞ்சமாவது கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். தீவனத் தூசி ஸ்பீக்கர் துளையில் அடைத்திருக்கும் என்று சட்டையில் துடைத்துவிட்டு, கடைசிக் கோடு வரை ஏற்றினேன். அந்தப் பெண் நடந்துகொண்டே இருந்தாள். என் கை ரோமம் எழும்பியது. தொண்டை வறண்டது. ஏதோ ஒன்று உருவப்பட்டுவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்தது. படம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நின்றது ஷெட்டில் ஓடிய பாட்டு.

அப்போதுதான் காலடி கேட்டது. போனிலிருந்து இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஷெட்டுக்குள்ளிருந்து. மெதுவாக, வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கிற சத்தம். நான் எழுந்து உட்கார்ந்தேன். ஷெட்டின் ஓரத்தில் தொங்கும் படுதா காற்றில் அடித்துக்கொள்கிறதோ என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை, காலடிதான். அதற்குமேல் யாரோ மூச்சு விடுகிறார்கள். பட்டப்பகல் இரண்டு மணி, வெளியே வெயில். இன்னொன்றும் உறைத்தது. ஆயிரம் குஞ்சு இருக்கிற இடத்தில் ஒரு கீச்சுச் சத்தம் இல்லை. எல்லாம் வாயை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தன.

போனை மூட்டைமேல் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஷெட் கதவுக்கு முன்னால் நின்று, "யாரு? யாருங்க அது?" என்றேன். உள்ளே காலடி நின்றது. நான் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை இழுத்தேன்.

குஞ்சுகள் எல்லாம் நின்ற இடத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தன. விட்டத்தில் ஸ்பீக்கரின் நீல விளக்கு மினுக்கியது. ஐயோ, என் போன் என்று நினைக்கத்தான் நேரம் இருந்தது.

அந்த அலறலை நான் எத்தனையோ படத்தில் கேட்டிருக்கிறேன். தகரக் கூரைக்கு அடியில், உச்சபட்சச் சத்தத்தில், அது வேறு. குஞ்சுக் கூட்டம் மொத்தமும் தரையோடு ஒரு பாயை உருவினது போல எதிர்மூலைக்குப் போனது. சுவரில் மோதி ஏறியது. ஏறியதன்மேல் ஏறியது. நான் ஓடினேன். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பின்னால் போட்டேன். பேய்ப்படத்தில் ஒரு அலறலோடு விடுவதில்லை, உங்களுக்குத் தெரியும். மூச்சு வாங்க விட்டு இரண்டாவது வரும். வந்தது. நான் அள்ளிப் போட்டவை எல்லாம் என் கால்களுக்கு நடுவே திரும்ப அதே மூலைக்குப் பாய்ந்தன. போனை நிறுத்த ஓடுவதா, இங்கேயே பிரிப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்று தவித்தேன். அடியிலிருந்து வந்த கீச்சுக் குரல் குறைந்துகொண்டே போனது. மூன்றாவது அலறல் வந்தபோது தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ஸ்பீக்கரைக் கொக்கியோடு பிய்த்துத் தரையில் அடித்தேன். அது நின்றது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேலே இருந்தவற்றை விலக்க விலக்க அடியில் சூடாக, தட்டையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சிலவற்றின் அலகில் ஊதிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி. நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினேன். மூடி முடித்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றபோது, இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இவன் வரும்போதுதானே நான் டீ குடிக்க எழுந்து போவேன்.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். தலையில் பூவும் கையில் தாம்பூலப் பையுமாக, வாசலிலிருந்தே "வாரேன் சாமி" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பத்தடி தூரம் அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. போகாதே என்று கத்த வேண்டும் போல இருந்தது. உள்ளே போனாள். தரையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"குவிஞ்சு போச்சு அம்மிணி" என்றேன்.

"எவ்வளவுங்க?"

"நூத்துக்கு மேல. பொதைச்சுட்டேன்."

அவள் தலையைத் தூக்கிப் பல்பு இல்லாத இரண்டு இடத்தையும் பார்த்தாள். "நான் பண்ண வேலைதாங்க" என்றாள். "காத்து இந்த அடி அடிக்குது, பல்பக் கழட்டிப்போட்டுப் போனேன் பாருங்க. குளுருக்குக் குவிஞ்சிருக்குது."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "பாட்டு ஓடிச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஓடிச்சு" என்றேன். "ஸ்பீக்கரு கீழ விழுந்து ஒடஞ்சுபோச்சு, அதுக்கு முன்ன வரைக்கும் ஓடிச்சு."

ஒரு சொல்தான். அதைத் திரும்ப எடுக்க எனக்கு மறுநாள் காலைவரை ஆனது. அவள் பட்டுச்சேலையைக் கூட மாற்றாமல் பல்பை மாட்டினாள். குஞ்சுகளோடேயே உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது; ஸ்பீக்கரைக் கண்டுபிடித்தவன்மேல், புதுமனை புகுவிழா வைத்தவர்கள்மேல், அந்த டைரக்டர்மேல். என்மேல் வரவேண்டியதை ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக்கொடுத்தேன்.

காலையில் தீவனம் வைத்துவிட்டு அவள் யாருக்கோ போன் செய்வது கேட்டது. நான் தீவன அறையில், அதே மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "அண்ணா, நல்லா இருக்கீங்ளா... இல்லீங்கண்ணா, இங்க சரிப்பட்டு வரலீங்க. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியலீங்க. அடுத்த மாசம் வந்தர்லாம்னு இருக்கறேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டாள். பிறகு, "கால் இப்பப் பரவாயில்லீங்கண்ணா. நின்னுக்குவேனுங்க" என்றாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து அவள் முன்னால் போய், "பல்பு இல்ல அம்மிணி. பாட்டு ஓடல" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, படம், சத்தத்தைக் கூட்டியது, கதவைத் திறந்தது, ஒன்று விடாமல். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"காட்டுங்க" என்றாள்.

"எத?"

"அந்தப் படத்த."

போனை என் கையிலிருந்து வாங்கினாள். முதலில் ப்ளூடூத்தை அணைத்தாள். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அந்தக் கட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். அத்தனை வருடத்தில் அவள் தூங்காமல் பார்த்த முதல் பேய்ப்படம் அதுதான். வராண்டா வந்தது, வெறுங்கால் வந்தது, கதவு திறந்தது, வெள்ளைப் பவுடரும் மையும் அப்பிய ஒரு முகம் வந்து, போனின் சின்ன ஸ்பீக்கரில் கொசு மாதிரி கீச்சென்று கத்தியது. அவள் இமை அசையவில்லை. மூன்றாவது அலறல் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"இதுக்காங்க?" என்று கேட்டாள்.

இருபது வருடமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்காரருக்குத் திரும்ப அடித்தாள். "இல்லீங்கண்ணா, நான் வரலீங்க. தப்பு என்னுதில்லீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மிச்சக் குஞ்சுகள் தேறி நின்றுவிட்டன. அடுத்த பேட்சுக்கும் சொல்லியாகிவிட்டது. அவள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஷெட்டுக்குள்ளேயே கிடக்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன், அது அவள் போனோடு மட்டும்தான் சேரும். என்னோடு பேசாமல் எல்லாம் இல்லை. பேசுகிறாள். ஆனால் அன்று ஒரு தப்பு நடந்துவிட்டது, அது எங்கள் இருவராலும் சரிசெய்ய முடியாதது. அலறல் வந்தபோது கதவைத் திறந்துகொண்டு நின்றவன் நான். குஞ்சுகள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தன.

போன ஞாயிற்றுக்கிழமை தீவன வாளியோடு ஷெட் வாசலுக்குப் போனேன். அவள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் படுத்திருந்தன. அவள் சொல்லிக் கொடுத்தபடியே, "நான்தான் சாமி, நான்தான் வாரேன்" என்று பேசிக்கொண்டே கதவைத் தள்ளினேன். ஷெட் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டது. பிறகு மொத்தமும் எதிர்மூலைக்கு ஓடின.

"அங்கயே நில்லுங்க" என்றாள் அவள். எழுந்துபோய் மூலையில் குனிந்து கையால் மெல்ல விலக்கிவிட்டாள். "வாளிய வெச்சுட்டுப் போங்க. பேசிக்கிட்டே போங்க, நீங்க போறது அதுகளுக்குத் தெரியணும்."

நான் வாளியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். "போறேன் சாமி, போறேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே களத்தைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தேன்.